நாலாம் லயத்துச் சுப்பிரமணியம்

– ஜப்பான்காரன் கடியாரத்துல ஒம்பது மணின்னா எனக்கென்ன? சூரியன் இப்பத்தான் ரப்பர்ப் பால்மரத்துக்கு மேல தலையக் காட்டுது. எனக்கு மணி ஏழரை.

– சரிங்க, ஏழரையாவே இருக்கட்டும். ஏழரைக்குத் திங்கிற கெழங்கத் தின்னுங்க. ஆறிப்போச்சு.

– ஆறினா என்ன, சுட்டா என்ன, மரவள்ளி மரவள்ளிதானே. வெள்ளக்காரன் இருந்தப்ப வெடிஞ்சாப் பெரட்டுக்குப் போனோம், பேரு கூப்பிட்டான், வேலைக்கு நடந்தோம். இப்பத் தோக்கியோவுல கோழி கூவுனா நாம இங்க இருட்டுல எந்திரிக்கணுமாம். ஒன்னர மணி நேரத்த முழுசாத் திருடிட்டானே, யாராச்சும் கேட்டாங்களா?

– இன்னைக்குப் பெரட்டு இல்லையே. அதுக்கும் ஏன் கோவம்?

– பெரட்டு ஏன் இல்லங்கறதுதான் எனக்குப் புரியல. வேல வாங்குற தண்டல் ஒன்னும் சொல்லல. இன்னைக்கு வேல இல்ல, லயத்துலயே இருங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போறான்.

– இருந்துட்டுப் போங்களேன். தொட்டுக்கக் கருவாடு இருக்கு பாருங்க. நீங்க கோத்தா கோலா மூடாவுல இருந்து கொண்டாந்ததுல கடைசித் துண்டு.

– புள்ளைங்களுக்கு வச்சியா?

– வச்சேன். ரெண்டும் தின்னுட்டுத் தண்ணி எடுக்கப் போயிருக்குங்க.

– இராசாத்தி தலைய மூடிக்கிட்டுப் போனாளா?

– மூடிக்கிட்டு, மொகத்துல கரியும் பூசிக்கிட்டுத்தான் போனா. சின்னவ அழகம்மா அவளப் பாத்துச் சிரிச்சுது.

– சிரிக்க என்ன இருக்கு? பட்டாளத்தான் லாரி போற பாதை. பன்னெண்டு வயசாச்சு அவளுக்கு. இருளப்பன் மகனுக்கு வர்ற தையில முடிச்சுடலாம்னு இருக்கேன். பையன் வெத்தல கூடப் போடறதில்ல.

– பன்னெண்டுதாங்க ஆச்சு.

– நீ எங்கிட்ட வரும்போது ஒனக்கு என்ன வயசு?

– பதினாலு.

– ரெண்டு வருசம் முன்னப் பின்ன. காலம் அப்படிக் கெடக்கு. மஜீத் காக்கா கடையில நேத்து என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? சிங்கப்பூருல பொம்பளைங்களுக்குன்னு ஒரு பட்டாளம் சேக்குறாங்களாம். முடிய வெட்டி, காச்சட்டை மாட்டி, கையில துப்பாக்கியும் குடுத்து.

– யாரு, ஜப்பான்காரனா?

– நம்மாளுங்கதான். இந்தியாவப் புடிக்கப் போறாங்களாம். புடிக்கட்டும், நான் வேணாங்கல. அதுக்குப் பொம்பள எதுக்கு? சுங்கைப்பட்டாணியில யாரோ ஒருத்தர் மக, பத்தொம்பது வயசு, பேரு குடுத்துட்டாளாம். அவ அப்பன் கடையில ஒக்காந்து அதப் பெருமையாச் சொல்றான். நான் எந்திரிச்சு வந்துட்டேன். காப்பியக்கூடக் குடிக்கல.

– அது காப்பியா? கருக்குன சோளத்தண்ணி. அத விட்டுட்டு வந்ததுக்கு இவ்வளவு பெரும.

– எதுவா இருந்தா என்ன, மொறைன்னு ஒன்னு இருக்கு. பொட்டப் புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு அப்பன் கடையில கால்மேல கால் போட்டு ஒக்காரக்கூடாது.

– நம்ம சின்னவளக் கேட்டா நானும் வர்றேன்னு நிப்பா.

– அவளா? ஒம்பது வயசுல ஜப்பான் பாட்ட அடி பிசகாமப் பாடுறா. காலையில கெழக்கப் பாத்துக் குனியணுமாம், பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்கான். நாமளும் கெழக்கப் பாத்துத்தானேப்பா சூரியனக் கும்புடுறோம்னு எங்கிட்டக் கேக்குறா.

– நல்லாத்தானே கேட்டிருக்கா. நீங்க என்ன சொன்னீங்க?

– நாம கும்புடுறது சூரியன, அவன் கும்புடச் சொல்றது அவன் ராசாவ. குனியும்போது மனசுல மாரியாத்தாள நெனச்சுக்கன்னு சொல்லிவிட்டேன். மாரியாத்தான்னதும் ஞாபகம் வருது. இந்த ஆடிக்கு மரவள்ளி மாவுலயே கூழு ஊத்திடலாம்னு தர்மலிங்கம் பண்டாரம் சொல்லிக்கிட்டுத் திரியறான்.

– கேப்ப கெடைக்காதப்ப வேற என்ன பண்ணுவாரு?

– கெடைக்கலன்னா வேப்பெலைய வச்சுக் கும்புட்டுட்டு வர்றது. கேப்ப இல்லாம அது கூழா? பசை. சுவரொட்டி ஒட்டலாம்.

– நாம திங்கிறதத்தானேங்க ஆத்தாளுக்கும் குடுக்க முடியும்? அவளுக்கு மட்டும் தனியா அரிசிச் சீட்டா வச்சிருக்கான்?

– ஒன் வாயி இன்னைக்கு என்னவோ நீளுது. இன்னொன்னும் கேள்விப்பட்டேன். இந்தக் கெடாச் சீமையையே ஜப்பான்காரன் சயாம்காரனுக்குத் தூக்கிக் குடுக்கப் போறானாம். எல்லாரையும் தண்டவாளம் போடச் சயாமுக்கு அனுப்புறானேன்னு பயந்துக்கிட்டு இருந்தோம். இப்பச் சயாமே நம்ம லயத்து வாசலுக்கு வருது.

– சயாம் பேச்ச விடுங்க. காலையில வேணாம்.

– பேச்சுக்குச் சொன்னேன். அட, கேட்டியா, கேட்டியா? ஆரம்பிச்சுட்டா.

– யாருங்க?

– அடுத்த வீட்டுக்காரி, வேற யாரு. ‘மணி, மணி’ன்னு. எந்திரிச்சதுல இருந்து இது ஏழாவது தடவ. கோயில் மணிகூட நாளைக்கு ரெண்டு தடவதான் அடிக்குது.

– பிரேமாவதி டவுன்ல வளந்த புள்ள. கூலிம் பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் படிச்சிருக்கு. சுப்பிரமணியத்தச் சுருக்கி ஆசையாக் கூப்புடுது, அவ்வளவுதான்.

– ஆச கதவுக்கு உள்ள இருக்கட்டும். கட்டுன புருசன் பேர ஒரு தடவ சொன்னா அவன் ஆயுசுல ஒரு நாள் கொறையும்னு எங்காத்தா சொல்லும். இவ கூப்புடுற வேகத்துக்கு அந்தப் பையன் தலை நரைக்கிறதப் பாப்பானா?

– அதெல்லாம் உங்க ஆத்தா சொன்னது.

– ஏன், நீ நம்பலையா? ஒன்னையவே எடுத்துக்க. பதினாறு வருசமாச்சு. குழந்தைவேலுன்னு எங்கப்பன் வச்ச பேரு ஒன் வாயில இருந்து வந்து நான் ஒரு தடவ கேட்டதில்ல. அர்ச்சனைக்குப் பேரு கேட்டாக்கூட, ‘இவுக பேருக்கு’ன்னு என் பக்கம் கையக் காட்டுவ. தண்டல் அதப் பாத்துச் சிரிப்பான். எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருக்கும். ஒங்கிட்ட இத நான் சொன்னதில்ல, இன்னைக்குச் சொல்றேன்.

– இன்னைக்கு எதுக்குங்க அதெல்லாம்?

– மனசுல பட்டுச்சு. ஏன் கண்ணத் தொடைக்கிற?

– அடுப்புப் பொக.

– அடுப்பு அவிஞ்சு அரமணி நேரமாச்சே.

– வாசல்ல யாரோ வர்ற மாதிரி இருக்கு, பாருங்க.

– குழந்தைவேலண்ணே, உள்ள இருக்கீங்களா?

– வா சுப்பிரமணியம். ஒனக்கு நூறு வயசுப்பா, இப்பத்தான் ஒன்னையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். ஒக்காரு. கெழங்கு திங்கிறியா?

– வேணாம்ணே, ஆச்சு. அக்காவும் இருக்காங்க, நல்லதாப் போச்சு. ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். என் பேரு வந்துருச்சுலா.

– எதுல வந்துருச்சு?

– சயாமுக்குப் போற பட்டியல்ல. ஆபீஸ் செவுத்துல ஒட்டியிருக்காங்க, இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். நம்ம எஸ்டேட்டுல மொத்தம் பதினெட்டுப் பேரு. நாலாம் லயத்துல ஒரே பேரு. சுப்பிரமணியம்.

– அடப்பாவி. அதுக்குத்தான் இன்னைக்குப் பெரட்டு இல்லையா. லாரி எப்ப வருது?

– மத்தியானம் ஒரு மணிக்கு, அவன் மணிக்கு. சுங்கைப்பட்டாணிக்குக் கொண்டு போயி அங்க ரயில் ஏத்துவாங்களாம். மூணு மாச வேலையாம். வீடு, சாப்பாடு, மருந்து எல்லாம் அவனே குடுப்பானாம்.

– சித்திரையில போனவங்களுக்கும் மூணு மாசம்னுதானே சொன்னான். ஆடி வந்துருச்சு. ரெண்டாம் லயத்து மனோகரன்கிட்ட இருந்து ஒரு காயிதம்கூட வரல.

– சிடாம் கிரி பக்கம் ஒரு தோட்டத்துல நாப்பது பேரு போயி, ஒருத்தன் மட்டும் திரும்பி வந்தானாம்ணே. அவன் பொண்டாட்டிக்கே அவன அடையாளம் தெரியலையாம். வந்த மூணாம் நாளு அவனும் போயிட்டான். சரி விடுங்க, எல்லாருக்குமா அப்படி ஆகும்.

– நீ எங்கயாச்சும் ஒளிஞ்சுக்கலாமே தம்பி? ஆத்துக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரங்க குடியிருக்கற கம்பத்துல ஒனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்கல்ல?

– இருக்காங்கக்கா. நான் ஒளிஞ்சா பிரேமாவப் புடிச்சு ஆபீஸ் முன்னால வெயில்ல முட்டி போட வைப்பான். அவ இருக்கற நெலமையில அது முடியுமா?

– ஏழு மாசமா அவளுக்கு?

– எட்டு பொறந்துருச்சுக்கா. நான் வந்ததே அதுக்குத்தான். அவ அம்மா கூலிம்ல இருக்கு, அங்கருந்து வர ஒரு வண்டியும் இல்ல. வலி எடுத்தா நீங்கதான் பாத்துக்கணும். பிரசவம் பாக்குற ராக்காயி கெழவிய நீங்க கூப்பிட்டா ஒடனே வரும். இவ கூப்பிட்டா டவுன்காரின்னு மொகத்தத் திருப்பிக்கும். வேற யாருகிட்டயும் இத நான் கேக்க முடியாது.

– ஏ புள்ள, தம்பி கேக்குதுல்ல, பதில் சொல்லு. அடுப்பப் பாத்துக்கிட்டே நிக்கிற.

– பாத்துக்கறேன் தம்பி.

– போதும்க்கா. ஆம்பளப் புள்ள பொறந்தா எங்கப்பா பேரு வைக்கச் சொல்லுங்க. விட்டா இவ புதுசா ஏதாச்சும் ஒரு பேரு கண்டுபுடிச்சு வச்சுருவா.

– தாத்தன் பேருதான் வைக்கணும், அதுதான் மொறை. நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத.

– ஒன்னே ஒன்னுதாண்ணே எனக்குப் புரியல. பதினஞ்சு நாளைக்கு முன்னால ஆபீஸ்ல கணக்கு எழுதுற புதுக் கிராணி லயத்துக்கு வந்து, வீட்டுக்கு ஒரு ஆம்பள பேரு எழுதிட்டுப் போனாருல்ல. அரிசிச் சீட்டுக்குன்னு எல்லாரும் நெனச்சோம். நான் அன்னைக்குக் கெழங்குத் தோட்டத்துல நிக்கிறேன். பிரேமாகிட்டக் கேட்டிருக்காரு, அவ மணின்னு சொல்லியிருக்கா. மணின்னுதான் எழுதிக்கிட்டுப் போனாராம். பட்டியல்ல எப்படி முழுப்பேரும் வந்துச்சு?

– பழைய பெரட்டுப் புத்தகத்தப் பாத்திருப்பான்.

– அதையெல்லாம்தான் வெள்ளக்காரத் தொர ஓடும்போதே கொளுத்திட்டாருலா.

– கிராணிமாருக்கு ஆயிரம் வழி இருக்கும். நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல. உப்புக்கும் கருவாட்டுக்கும் கோலா மூடா போயிருந்தேன்.

– போயி அவருகிட்டயே கேக்கலாம்னு பாத்தேன். கேட்டா, அப்ப மணி யாருன்னு கேப்பாரு. ரெண்டு பேருன்னு நெனச்சு ரெண்டையும் ஏத்துன்னு சொல்லிட்டா நான் என்ன, ரெண்டா பொளந்துக்கிட்டா போக முடியும்?

– சிரிக்கிறியே தம்பி.

– அழுதா அவ பயந்துருவாண்ணே. வர்றேன். அக்கா, வர்றேன்க்கா.

– இரு. இந்தக் கம்பளியக் கொண்டு போ. சயாம் காட்டுல விடாம மழையாம்.

– உங்க புள்ளைங்களுக்கு வேணும்ணே.

– எடுத்துக்கன்னா எடுத்துக்க. பெரியவன் குடுத்தா வாங்கிக்கணும்.

– சரிண்ணே. நல்லா இருங்க.

– பாத்துப் போ, படி ஒடஞ்சிருக்கு. போறான் பாரு. நல்ல பையன் புள்ள. ஒருத்தர எதுத்துப் பேசினதில்ல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு என் முன்னால நின்னதில்ல.

– ம்.

– ஒன்னு சொல்றேன், மனசுல வச்சுக்க, வெளிய சொல்லிடாத. அவ கூப்புட்டது வீணாப் போகல. நாளு பூரா மணி, மணின்னு கத்திக் கத்தி, அந்தப் பேரு எமன் காது வரைக்கும் போயிருச்சு.

– அப்படிச் சொல்லாதீங்க.

– நான் சொல்லாட்டி மட்டும் இல்லன்னு ஆயிருமா? கண்ணு முன்னால நடக்குது.

– அப்படிச் சொல்லாதீங்கன்னு சொல்றேன்ல. அந்தப் புள்ள கூப்புட்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

– என்ன, சத்தம் ஏறுது?

– அந்தப் பட்டியல்ல இருக்கற சுப்பிரமணியம் அந்தத் தம்பி இல்லங்க. நீங்க.

– புத்தி கித்தி பெசகிப் போச்சா ஒனக்கு?

– கிராணி மொதல்ல நம்ம வீட்டுக்குத்தான் வந்தாரு. நீங்க கோலா மூடாவுல இருந்தீங்க. ஒம் புருசன் பேரு என்னான்னு கேட்டாரு.

– நீதான் சொல்ல மாட்டியே.

– சொல்ல மாட்டேன்ல. பழனி மலையில நிக்கிறவரு பேருங்கன்னு சொன்னேன். அவரு, சுப்பிரமணியமான்னு கேட்டாரு, கேட்டுக்கிட்டே எழுதிட்டாரு. நானும் தலைய ஆட்டிட்டேன்.

– பழனியில நிக்கிறவருக்கு எத்தன பேரு இருக்கு. தண்டபாணியா, வேலாயுதமா, குழந்தைவேலான்னு கேக்க வேணாமா? படிச்சவன்தானே அவன்.

– அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போனாரு. அங்க அவ மணின்னு சொன்னத என் காதால கேட்டேன். அப்ப அவரு புத்தகத்துல அந்தத் தம்பி மணி. நீங்க சுப்பிரமணியம். இப்ப நீங்களே சொல்லுங்க, லாரி யாருக்கு வருது?

– கொஞ்சம் தண்ணி குடு.

– இந்தாங்க.

– அவ மணின்னு கூப்புட்டதுதான் அவனக் காப்பாத்தியிருக்கு, அப்படித்தானே?

– ஆமாங்க.

– நான் எமன் கிமன்னு என்னவோ பேசிக்கிட்டு இருந்தேன். பேரு தப்பா எழுதிட்டான்னு ஒனக்கு அன்னைக்கே தெரியும். இத்தன நாளா ஏன் சொல்லல?

– அரிசிச் சீட்டுதானே, எந்தப் பேருல வந்தா என்ன, அரிசி வந்தாப் போதும்னு இருந்துட்டேன். இன்னைக்கு அந்தத் தம்பி வந்து நின்னு, வலி எடுத்தா நீங்கதான் பாத்துக்கணும்னு எங்கிட்ட வந்து கேக்குது. என்னால தாங்க முடியல.

– எழுதினவன் கிராணி. ஒட்டுனவன் ஜப்பான்காரன். நாம யாரையும் காட்டிக் குடுக்கல.

– ம்.

– பொய்யும் சொல்லல.

– ம்.

– பேசாம உள்ள ஒக்காந்திருந்தா மத்தியானம் லாரி வரும், போயிரும். சாயங்காலம் புள்ளைங்களுக்குக் கெழங்கு அவிச்சுப் போடுவ. நாளைக்குப் பெரட்டு.

– நானும் அப்படித்தான் நெனச்சேன்.

– அப்புறம் ஏன் எங்கிட்டச் சொன்ன?

– நீங்க ஏதாச்சும் வழி சொல்லுவீங்கன்னு. பெரியவங்க நாலு பேரோட போயிக் கிராணிகிட்டப் பேசினா, ரெண்டு பேருமே போக வேணாம்னு பண்ணிடலாமோன்னு.

– பதினெட்டுன்னா பதினெட்டுதான். தலைய எண்ணித்தான் ஏத்துவான். ஒன்னு கொறஞ்சாக் கண்ணுல பட்டவனப் புடிச்சு ஏத்துவான். போன தடவ பால்காரர் பரஞ்சோதியப் பாதையில வச்சுப் புடிச்சானே, மறந்துட்டியா? பால் செம்ப மாடு மேய்க்கிறவன்தான் வீட்டுல கொண்டாந்து குடுத்தான்.

– அப்ப வழியே இல்லையா?

– கேளு. மறுபடியும் கூப்புடுறா.

– சட்டையக் காணோம்னு தேடுது போல. அவருக்கு மூட்ட கட்டிக்கிட்டு இருக்கும்.

– ரெண்டு வருசமா இந்தச் சத்தத்தக் கேட்டு எரிச்சல் பட்டிருக்கேன். இன்னைக்கு ஒன்னும் தோணல. நாளைக்கும் இதே மாதிரி கூப்புடுவா. ஏன்னு கேக்கறதுக்கு யாரு இருப்பா?

– வேணாங்க. அதெல்லாம் நெனைக்காதீங்க.

– என் கம்பளிய வேற அவன் தோள்ல போட்டு அனுப்பிட்டேன். அவன் எனக்கு, நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போறான்.

– நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க?

– தெரியாம குடுத்தேன். இப்பத் தெரிஞ்சிருச்சே. மொறை, மொறைன்னு நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் பேசிட்டேன் புள்ள. பொம்பள எப்படி இருக்கணும், புள்ளைங்க எப்படி இருக்கணும், ஆத்தாளுக்கு எதுல கூழு ஊத்தணும், எல்லாத்துக்கும் ஒரு மொறை சொன்னேன். எல்லாம் மத்தவங்களுக்கு. இன்னைக்கு எனக்குன்னு ஒன்னு வந்து நிக்குது. இதுக்கு மட்டும் நான் கண்ண மூடிக்கிட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் புள்ளையப் பாக்குறது?

– உங்க ஒடம்பு தாங்காதுங்க. நாப்பத்தஞ்சு வயசுல தண்டவாளம் தூக்க முடியுமா? அந்தத் தம்பிக்கு இருபத்தஞ்சுதான். அது தாங்கும்.

– அதனால அவன் போகட்டும்ங்கற.

– நான் அப்படிச் சொல்லல.

– அப்படித்தான் சொன்ன.

– ஆமாங்க, அப்படித்தான் சொன்னேன். எனக்கு நீங்க வேணும். ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சுக்கிட்டு இந்தக் காலத்துல நான் எங்க போவேன்? அந்தப் புள்ளைக்கும் அது புருசன் வேணும். நான் என்ன பண்ணட்டும்?

– நீ ஒன்னும் பண்ண வேணாம். என் காக்கிச் சட்டைய எடு. வேட்டி ஒன்னு போதும்.

– போகாதீங்க.

– துண்டையும் எடு. கொல்லையில ரெண்டாவது பாத்திக் கெழங்கு இன்னும் ஒரு மாசம் மண்ணுலயே இருக்கட்டும், அவசரப்பட்டுப் புடுங்கிடாத. முட்டக் கோழிய அடிக்காத, யாரு வந்து கேட்டாலும் இல்லன்னு சொல்லு. பிரேமாவதிக்கு முட்ட குடு.

– இராசாத்தி கல்யாணம்?

– நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வை. பதினாலாகட்டும். இருளப்பன் கோவிச்சுக்கிட்டா நான் சொன்னேன்னு சொல்லு.

– கோவிச்சுக்க மாட்டாரு.

– கூழு விசயத்துல மட்டும் விட்டுக் குடுக்காத. தர்மலிங்கத்துக்குச் சொல்லி வை.

– இப்பக்கூடவா அது.

– சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். புள்ளைங்க வர்றதுக்குள்ள கெளம்பிடறேன். சின்னவ பாத்தா வேட்டியப் புடிச்சுக்கும். அவங்களுக்கு, அப்பா மூணு மாச வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு.

– ஆபீஸ்ல போயி கிராணிகிட்ட என்னங்க சொல்லுவீங்க?

– உள்ளதத்தான் சொல்லுவேன். எம் பொண்டாட்டி புருசன் பேர வாயால சொல்லாதவ. பழனியாண்டவர் பேருன்னு சொன்னா, நீங்க மாத்தி எழுதிட்டீங்க. சுப்பிரமணியம்னு எழுதினது என்னையத்தான், அந்தப் பையன விட்டுடுங்கன்னு சொல்லுவேன்.

– அவரு நம்புவாரா?

– தமிழன்தானே. அவன் அம்மாவும் அவன் அப்பன் பேரச் சொல்லியிருக்க மாட்டா. ஒடனே புரிஞ்சுக்குவான்.

– வேற ஏதாச்சும் சொல்லுங்களேன். நீங்களே பேர மாத்திக் குடுத்ததா சொல்லுங்க. என் பேச்சு எதுக்கு அங்க?

– ஏன், அதுல என்ன வெக்கம்? பதினெட்டுப் பேரு முன்னால சத்தமாச் சொல்லுவேன். பொம்பளைங்க காச்சட்டை போட்டுக்கிட்டு அலையற காலத்துல, எம் வீட்டுல ஒருத்தி இப்படி இருக்கான்னு அவனுங்களும் தெரிஞ்சுக்கட்டும்.

– ஐயோ, வேணாங்க.

– அழாத புள்ள. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. என் ஆயுச நெனச்சு வாய மூடுன, தப்பா எழுதுனது அவன் குத்தம். சயாம்ல எந்தக் காட்டுல கெடந்தாலும் அந்த நெனப்பு போதும் எனக்கு. கதவத் தொற, நேரமாகுது. வர்றேன்.

– நில்லுங்க. கிராணிகிட்ட அப்படிச் சொல்லாதீங்க, அவருக்குத் தெரியும். அரிசிக்குன்னு நெனச்சு, குழந்தைவேலுன்னு உங்க பேரத்தாங்க மொதல்ல சொன்னேன். எழுதப் போனவரு, இது சயாமுக்குப் போற பட்டியலுன்னாரு. அதுக்கப்புறந்தான், அது செத்துப்போன எங்கப்பா பேரு, எம் புருசன் பேரு சுப்பிரமணியம்னு அந்தத் தம்பி பேர மாத்திச் சொன்னேன்.